மாதவிக்காகவே சேரலாம்: ஒரு சிலப்பதிகார இணைய வகுப்பு

சிலப்பதிகாரத்தைப் பாத்திரம் பாத்திரமாக அலசும் இணைய வகுப்பு இது, கொடுத்த காசுக்குத் தாராளமாகத் தகும். கண்ணகியை மட்டும் கொண்டாடிவிட்டு மாதவியை ஓரங்கட்டும் வழக்கம் இங்கே இல்லை. கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடும் கானல்வரியை வரி வரியாக வாசிக்க வைக்கிறார்கள். கோவலன் சந்தேகப்பட்டு எழுந்து போவது, அப்புறம் தோழி வசந்தமாலை கொண்டுவந்த மாதவியின் கடிதத்தை வாங்க மறுப்பது, மதுரை போகும் வழியில் கோசிகன் என்னும் அந்தணன் தந்த இரண்டாவது கடிதத்தைப் படித்துப் பிழை அவளுடையது அல்ல, தன்னுடையதே என்று உணர்வது, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவனே முழு மனிதனாகத் தெரிகிறான். அருமையான அமர்வு அது!

பாண்டியன் பகுதியும் நன்று. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்ததும் சாக்குச் சொல்லாமல் 'யானே கள்வன்' என்று விழுகிற அரசனை வெறும் வில்லனாக ஆக்கவில்லை.

காப்பியத்தின் மூன்றாம் பகுதியான வஞ்சிக் காண்டம்தான் ஏமாற்றம். சேர அரசன் செங்குட்டுவனின் வடதிசைப் பயணத்தை ஒரே அமர்வில் ஓட்டிவிட்டார்கள். பத்தினி கண்ணகிக்குச் சிலை வடிக்கக் கல் எடுக்க ஓர் அரசன் இமயம் வரை படையோடு போவதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது, அதைத் தொடவே இல்லை. சேர்பவர்கள் நல்ல உரைநூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூல வரிகளை வேகமாகத்தான் படிக்கிறார்கள்.