ஜிடிஎக்ஸ் 1650-ம் ஆர்எக்ஸ் 570-ம்: மூன்றாவது ஃபேன் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

நேற்று ராத்திரி என் கம்ப்யூட்டரின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்றாவது முறையாக ஃபேன் மாற்றினேன். சால்டரிங் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து லாஸ்பேட்டையிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணா, செகண்ட்ஸ்ல 1650-யும் 570-யும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருது, எதை எடுக்கட்டும்?" போனில் நான் சொன்னது கோபத்தில் சொன்ன பதில். காரணத்தையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று காலையில் உட்கார்ந்தேன்.

என்விடியாவின் 1650, ஏஎம்டியின் 570, இரண்டு கிராபிக்ஸ் கார்டுமே என்னிடம் ஓடுகிறது. 1650, 2019 கடைசியில் புதிதாக வாங்கியது. 570, 8 ஜிபி மாடல், 2023 தொடக்கத்தில் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஸில் எடுத்தது. எனக்குக் கடலூர்; தேவனாம்பட்டினம் போகிற வழியில் வீடு, மாடியில் எடிட்டிங் ரூம். கல்யாண வீடியோவும் ஆல்பமும்தான் தொழில். ராத்திரி வேலை முடிந்தால் அக்கா பையன்கள் உட்கார்ந்து விளையாடுவார்கள்.

ஸ்பெக் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணக்குப் போடும் சின்னச் சின்னக் கோர்கள் 1650-ல் 896, 570-ல் 2048. கம்பெனியும் வேறு, உள்கட்டமைப்பும் வேறு என்பதால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கார்டின் மெமரியிலிருந்து தகவல் போய்வரும் அகலமும் வேகமும்தான் நிஜமான வித்தியாசம்: 1650-க்கு 128 பிட், நொடிக்கு 128 ஜிபி, 570-க்கு 256 பிட், நொடிக்கு 224 ஜிபி. 2020-ல் ஜிடிடிஆர்6 என்ற வேகமான மெமரியோடு வந்த 1650-ல் அந்த வேகம் 192 வரை போகும், என்னுடையது அதற்கு முந்தையது. பெரும்பாலான விளையாட்டுகளில் 570 முன்னால் நிற்கும். 2017-ல் வந்த கார்டு, 2019-ல் வந்ததை முந்துகிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் யாரும் நின்று பார்க்காத ஒரு வரி இருக்கிறது, வாட். 1650-க்கு 75, 570-க்கு 150. மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும், அதனால் 1650-ல் பல மாடல்களுக்கு எஸ்எம்பிஎஸ்-லிருந்து, அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியிலிருந்து, தனி வயர் வேண்டாம். செருகினால் ஓடும். எங்கள் பக்கம் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 நவம்பர் 30 அன்று பார்த்தேன். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்த நாள். அங்கே ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே மத்தியானத்திலிருந்தே கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. திருப்பாப்புலியூரில் ஒரு வீட்டு ரிசப்ஷன் வீடியோ 1650 மெஷினில் ரெண்டரில் கிடந்தது, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும் வேலையில். 600 விஏ யூபிஎஸ், புது பேட்டரிகூட இல்லை. கரண்ட் போன பிறகும் அந்த மெஷின் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கியது. ரெண்டரை முடித்து, ஃபைலை வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, நிதானமாக நிறுத்தினேன். அதே மாதிரி யூபிஎஸ்-ல்தான் 570 மெஷினும் இருக்கிறது. லோடில் இருக்கும்போது கரண்ட் போனால் ஒரு முறை 'பீப்' என்று கத்தும், அடுத்த நொடி திரை இருட்டு. அன்று சாயங்காலம் 1650-ஐப் பார்த்து என் மனசு நிறைந்துபோனது உண்மை.

கார்டை ஓட்டும் சாஃப்ட்வேரான டிரைவரிலும் 1650-தான் மேல். 2025 அக்டோபரில் என்விடியாவின் பழைய 10 வரிசை கார்டுகளுக்குப் புது விளையாட்டு டிரைவர் நின்றபோதும், 1650 இருக்கும் 16 வரிசைக்குத் தொடர்ந்தது. 570-ஐ 2023 கடைசியிலேயே புது கார்டுகளின் டிரைவரிலிருந்து பிரித்துத் தனிப் பாதை போட்டுவிட்டார்கள். அவசியமான திருத்தம் மட்டும் வரும்.

இனி ஃபேனுக்கு வருகிறேன்.

என் 1650-ன் ஃபேனுக்கு இரண்டே கம்பி. சிவப்பு, கறுப்பு, அவ்வளவுதான். மூன்றாவது கம்பி இருந்தால்தான் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்ற தகவல் கார்டுக்குத் திரும்பிப் போகும். நாலாவது, வேகத்தைக் கட்டுப்படுத்த. இரண்டு கம்பியில் ஃபேன் நின்றுபோனாலும் கார்டுக்குத் தெரியாது. சூடு ஏறி, கார்டு தானாக வேகத்தைக் குறைத்து, ரெண்டர் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கே தெரியும். முதல் முறை 2022 கோடையில் அப்படித்தான் ஆனது. ஒரு மணி நேர வேலை விடிய விடிய ஓடியது. பெண் வீட்டுக்காரர்கள் காலையில் வாசலில் வந்து நிற்கிறார்கள், சாஃப்ட்வேரில் பார்த்தால் 90 டிகிரியைத் தாண்டி நிற்கிறது.

ஃபேனைக் கழற்றி விரலால் சுண்டினால் அரைச் சுற்றில் நின்றது. நடு ஸ்டிக்கரை உரித்தேன். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு பசை. உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து எண்ணெயைக் குடித்துவிட்டன. சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் ஸ்க்ரூ நாலில் ஒன்று துருப்பிடித்துத் தலை மழுங்கி, திருப்புளிக்கு அகப்படவே இல்லை. கடலோரத்தில் இது நடக்கும், அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கார்டு செய்த கம்பெனியின் சர்வீஸில் கேட்டால், வாரண்டி முடிந்ததற்கு ஃபேன் மட்டும் தனியாகத் தர முடியாது என்று முடித்துக்கொண்டார்கள். கடலூரில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வரவழைத்ததற்கு ஸ்க்ரூ ஓட்டை சேர்ந்தது, பிளக் சேரவில்லை. பழைய பிளக்கை வெட்டி, கம்பியைச் சீவி, சால்டர் வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. அதையே இரண்டாவது முறையும் செய்தேன், நேற்று மூன்றாவது முறை.

570, மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட ராப்பகலாக ஓடிய கார்டு. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கை நிறுத்திய பிறகு சந்தையில் வந்து குவிந்ததில் ஒன்று. கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை மைனிங்குக்காக மாற்றி வைத்திருந்தார்கள்; டிரைவர் ஏறவே இல்லை. ஒரிஜினல் பயாஸைத் திரும்ப ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. ஆனால் இரண்டு ஃபேனுக்கும் நாலு நாலு கம்பி. ஒன்று தடுமாறினாலும் திரையில் எண் விழுவது தெரிகிறது, உடனே நிறுத்தி ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். இதே ரூம், இதே உப்புக்காற்று. இன்றுவரை ஃபேன் மாற்றவில்லை. முந்தைய ஆள் விற்கும் முன் புதுசு போட்டிருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவும் எழுதிப் பார்த்தால் தராசு 1650 பக்கம்தான் சாய்கிறது. கரண்ட், யூபிஎஸ், டிரைவர் மூன்றும் அதன் பக்கம். இருந்தும் தம்பிக்கு நான் சொன்ன பதிலை மாற்றவில்லை: 570 எடு. யூபிஎஸ்-ஐப் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். நின்றுபோனதைச் சொல்லத் தெரியாத ஃபேனை நம்பி இன்னொரு வீட்டுக் கல்யாணத்தை என்னால் ரெண்டரில் போட முடியாது.

அப்படியும் 1650-தான் வேண்டும் என்றால், அவனிடம் சொன்னதுதான்: "கார்டைக் கையில வாங்கித் திருப்பிப் பாரு. ஃபேன் பிளக்குல எத்தனை கம்பி போகுதுன்னு எண்ணு. நாலு இருந்தா பணத்தைக் கொடு. ரெண்டுதான்னா, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடு."