தியான ஆப்பா, நடைப் போட்டியா, ஆள் துணையுள்ள பயிற்சியா?

ஊழியர்களின் மன அழுத்தத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்ததும், எதை வாங்குவது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. தியான ஆப், காலடி எண்ணும் போட்டி, ஆலோசகர் துணையோடு நடக்கும் இணையப் பயிற்சி என்று மூன்று வழிகள். மூன்றையும் நானே செய்து பார்த்துவிட்டு மூன்றாவதற்கு ஓட்டுப் போட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

காலடிப் போட்டி கலகலப்பானது, செலவும் குறைவு. முதல் வாரம் மதிய இடைவேளையில் படிக்கட்டில் கூட்டம். இரண்டாவது வாரம் பட்டியலின் உச்சியில் இருந்த நாலு பேருக்குள்தான் போட்டி, மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். ஒருவர் மீட்டிங்கில் மேசைக்கடியில் போனை ஆட்டிக்கொண்டே இருந்தார். தினம் 10,000 அடி என்ற இலக்கே 1960களில் ஜப்பானில் விற்ற காலடிமானியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவர்கள் போட்ட கணக்கு அல்ல. நடப்பது நல்லது, சரி. முழங்கால் வலிக்காரரைப் பட்டியலின் அடியில் நிறுத்துவது எந்த வகை ஆரோக்கியம்?

ஹெட்ஸ்பேஸ், காம் போன்ற தியான ஆப்கள் நன்றாகவே செய்யப்பட்டவை. பத்து நிமிடம் கண்ணை மூடி, குரல் சொல்கிறபடி மூச்சைக் கவனித்தால் போதும். எனக்கு முதல் பத்து நாள் தூக்கம் கொஞ்சம் சீரானது. அப்புறம் பிற்பகல் 3 மணிக்கு, கோபமான வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது, ‘ஒரு நிமிடம் உங்களுக்காக’ என்று திரையில் அறிவிப்பு வரும். அதை விரலால் ஒதுக்கித் தள்ளித் தள்ளி, ஒருநாள் அறிவிப்பையே அணைத்துவிட்டேன். சோம்பல் எனக்கு மட்டும் இல்லை. மனநல ஆப்களின் பயன்பாட்டை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 30ஆம் நாள் ஆப்பைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று, நாலு பேர்தான். சந்தாவோ ஆண்டு முழுவதுக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்: மூன்றாவது வாரம் யார் தொடர்கிறார்கள்?

ஆள் துணையுள்ள பயிற்சியில் வாரம் ஒரு பாடம், ஒரு வீட்டுப்பாடம். உள்ளே இருப்பது சிபிடி என்கிற, எண்ணத்தையும் பழக்கத்தையும் பிரித்துப் பார்க்கும் சிகிச்சை முறை. பாடம் சாதாரணம்தான், புத்தகத்திலும் கிடைக்கும். ஆனால் மறுமுனையில் ஒருவர் நாம் எழுதியதைப் படிக்கிறார். ‘இரவு 11 மணிக்கு மெயில் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் எத்தனை நாள் பார்த்தீர்கள்?’ என்று எனக்குக் கேள்வி வந்தது. ஐந்து நாள் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்திலேயே அடுத்த வாரம் அது இரண்டு நாளாகக் குறைந்தது. தானாக ஓடும் பயிற்சியைவிட ஆள் துணையுள்ளதை அதிகம் பேர் முடிக்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. விலை அதிகம். அதனால் எல்லாருக்கும் வாங்காமல், கேட்டவர்களுக்கு மட்டும் வாங்கினோம்.

ஒப்பந்தம் போடும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேட்டேன்: யாருடைய பதிலும் மதிப்பெண்ணும் தனியாக நிர்வாகத்துக்கு வரக் கூடாது. கைகாட்டியது நான்தான் என்றாலும், சக ஊழியரின் மனச்சோர்வு மதிப்பெண் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆளுக்குப் பதில் மென்பொருளே மனநல ஆலோசனை சொல்லி உரையாடும் சாட்பாட்களோடும் நாலு இரவு பேசிப் பார்த்தேன், தீர்ப்பு சொல்ல அது போதாது. அந்த வகையில் பெயர்பெற்ற வோபாட் ஆப் 2025இல் மூடப்பட்டது என்பதால் தயக்கம் கூடியது.

பிரிட்டனில் 46,000க்கும் அதிகமான ஊழியர்களின் பதில்களை வைத்து 2024இல் வந்த ஆய்வு, இப்படிப்பட்ட தனிநபர் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை என்றது. என் தேர்வுக்கும் அது பொருந்தக்கூடும். நான் இரவு பார்த்த மெயில்களில் பாதி எங்கள் மேலாளர் அனுப்பியவை. அவரிடம் நேரில் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. இப்போது காலை 8 மணிக்கு மொத்தமாக அனுப்புகிறார்.