இலங்கை மலையகத்தில் சோலர்: தகடு வாங்குமுன் ட்ரான்ஸ்போமரைக் கேளுங்கள்

லீவில் வந்து அப்பா அம்மா வீட்டுக் கூரையில் சோலர் போட்டுவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போடுபவர்கள் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெருகிவிட்டார்கள். தகடு ஏற்றுவது சில நாள் வேலை. இழுபடுவது அனுமதியும் மீட்டர் மாற்றமும்தான்.

2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலர் திட்டத்தில் ஆரம்பத்தில் மூன்று வழி. நெட் மீட்டரிங்கில் காசு வராது, மிஞ்சிய யுனிட் அடுத்த மாதத்துக்குச் சேரும். நெட் அக்கவுண்டிங்கில் மிஞ்சியதற்குப் பணம். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் விற்பனைக்கு, வீட்டுப் பாவனைக்குத் தனி பில். ஒப்பந்தம் 20 வருடம். தொடக்கத்தில் முதல் 7 வருடம் யுனிட்டுக்கு 22 ரூபா, பிறகு 15.50. புது ஒப்பந்தங்களுக்கு விலை பலமுறை மாறிவிட்டது. பழைய விலையில் இலாபக் கணக்குக் காட்டும் விற்பனையாளரை நம்பவேண்டாம்.

விண்ணப்பம் உங்கள் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குப் போகும். உங்கள் வீட்டுக்குக் கரண்ட் தரும் ட்ரான்ஸ்போமர் இன்னும் சோலரைத் தாங்குமா என்று அங்கே பார்ப்பார்கள். அந்த அனுமதி கைக்கு வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள். பில் காலமான தாத்தாவின் பெயரில் வந்தால் முதலில் பெயர் மாற்றம். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வீடு என்றால் நிலமும் கூரையும் தோட்டத்துக்குரியவை, எழுத்தில் சம்மதம் இல்லாமல் தொடங்குவது வீண். 5 கிலோவாட்டுக்கு 550 வாட் தகடு 9 வேண்டும்; ஒன்று 28 கிலோ அளவில், மொத்தம் 250 கிலோ. உக்கிய மரச்சட்டமும் பழைய தகரமும் அதைத் தாங்காது.

தோட்டப் பக்கம் அதிகம் காணும் கோளாறு வோல்டேஜ். ட்ரான்ஸ்போமரிலிருந்து நீளமாக ஓடும் கம்பியின் கடைசி வீட்டில், வெயில் ஏறிப் பாவனை குறைந்த நேரத்தில் இன்வேட்டர் (தகட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) கரண்டைத் தள்ளத் தள்ள வோல்டேஜ் உயரும். 253 வோல்ட்டைத் தாண்டினால் பெரும்பாலான இன்வேட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். நல்ல வெயிலில் உற்பத்தி பூச்சியம்! ஞாயிறு நண்பகலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சோலர் இல்லாமலே 240க்கு மேல் காட்டினால் முதலில் பொறியியலாளர் அலுவலகத்தில் முறையிடுங்கள். இன்வேட்டரிலிருந்து மீட்டருக்குத் தடித்த கேபிள் போட்டால் இந்த வோல்டேஜ் உயர்வு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

குளிர் தகட்டுக்கு நல்லது, மூடுபனி கூடாது. ஹட்டன் சரிவில் ஜூன், ஜூலை உற்பத்தியைத் தனியாகக் கேளுங்கள். கொழும்புக் கணக்கு இங்கே சரிவராது. தெற்குப் பார்த்து 10 பாகைச் சாய்வு போதும். பின்னேர நிழல் விழுத்தும் டர்பன்டைன் மரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரியில்லாத சாதாரண சோலரும் நின்றுவிடும்; கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்கு அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் பாவனை குறைந்ததால், கூரைச் சோலரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. சோலரை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.