டோக்கியோவில் மத்தியானச் சாப்பாடு: சோசாய்க் கடையா, டிபார்ட்மென்ட் ஸ்டோரா, கொம்பினியா?

டோக்கியோவில் மத்தியானம் 12 மணி ஆனால் ஆபீஸ்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே கொட்டும். ராமென், சோபா என்கிற நூடுல்ஸ் கடைகள் எல்லாவற்றின் வாசலிலும் வரிசை. கையில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதில் பாதியை வரிசையில் தொலைக்க மனமில்லாதவர்கள் சமைத்து வைத்த பதார்த்தங்களை வாங்கிச் சாப்பிடுவார்கள். சோற்றோடு சாப்பிடுவதற்கென்று சமைத்து விற்கும் இந்தப் பதார்த்தங்களுக்கு சோசாய் என்று பெயர். தெருவில் இருக்கும் சின்ன சோசாய்க் கடை, டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கீழ்த்தளம், கொம்பினி என்கிற 24 மணி நேரக் கடை, உட்கார்ந்து சாப்பிடும் டெலி கஃபே என்று இதற்கு நாலு வழி இருக்கிறது. என் ஓட்டு சின்னக் கடைக்குத்தான்.

முதலில் எதை வைத்து மதிப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கரா-ஆகே என்கிற பொரித்த கோழியையும் தொன்கட்சு என்கிற பொரித்த பன்றிக்கறியையும் வைத்துத்தான் கடையை எடைபோடுகிறார்கள். ஆனால் சூடான எண்ணெயில் பொரித்த கோழி ஜப்பானில் எங்கே வாங்கினாலும் சுமாருக்கு மேல்தான் இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது ஓரத்தில் கொஞ்சமாக வைக்கும் காய்கறிகளில்தான்: ஹிஜிகி என்கிற கறுப்புக் கடற்பாசியைப் பொரித்த தோஃபு, கேரட்டோடு வேகவைத்தது, கோபோ வேரைக் குச்சி குச்சியாக நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கிய கின்பிரா, எள் அரைத்துப் போட்ட பசலைக் கீரை, இனிப்பாக வெந்த பூசணி. நம் ஊர் சாப்பாட்டில் பொரியலும் கூட்டும் எப்படியோ அப்படி. அது சரியில்லை என்றால் மற்றது எவ்வளவு பிரமாதமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் தெருக்கடைதான் ஜெயிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள சுனமாச்சி கின்சாவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோட்டோ வார்டில் 670 மீட்டர் நீளக் கடைவீதி, சுமார் 180 கடைகள், அதில் சோசாய்க் கடைகளுக்குத்தான் பெயர் போனது. பக்கத்தில் ஸ்டேஷன் கிடையாது, மினாமி சுனமாச்சியில் இறங்கி நல்ல நடை நடக்க வேண்டும். (நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிகசாய்க்கு அதுதான் அடுத்த ஸ்டேஷன், அதனால் சாக்குச் சொல்ல முடியாது.) கடை வாசலிலேயே மேஜை போட்டு, தட்டுத் தட்டாகப் பதார்த்தங்களை அடுக்கியிருப்பார்கள். நமக்கு வேண்டியதைக் காட்டினால் எடுத்து டப்பாவில் போட்டு மூடி, ரப்பர் பேண்ட் மாட்டித் தருவார்கள். பின்னால் எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்கும். உள்ளேயே சமைப்பதால் கின்பிராவில் கடிக்கிற பதம் மிச்சம் இருக்கும், ஹிஜிகி அளவுக்கு மீறி இனிக்காது. கொஞ்சம் போதும் என்றால் கொஞ்சமே வாங்கலாம். மூன்று காய், ஒரு கொரோக்கே (உருளைக்கிழங்கு கட்லெட்), ஒரு ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கினாலும் ஒரு ராமென் விலையைத் தாண்டுவது அபூர்வம். குறை என்றால் உட்கார இடம் இருக்காது, பூங்கா பெஞ்சைத் தேட வேண்டும், மழை நாளில் அது கஷ்டம்தான். அப்புறம், நல்ல அயிட்டங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

இதே வகையில் பெரிய சங்கிலிக் கடைகளும் இருக்கின்றன. ஹொக்கா ஹொக்கா தேய் 1976-இல் சைதாமாவின் சோகா நகரத்தில் ஆரம்பித்தது, சூடான சோற்றோடு பென்டோ என்கிற டப்பாச் சாப்பாடு கட்டித் தருவதுதான் அவர்களுடைய தொழிலே. இவர்களிடம் நான் விடாமல் வாங்குவது நோரி பென்டோ. மூடியைத் திறந்தால் சோறு முழுக்க நோரி என்கிற கடற்பாசித் தாள், ஆவியில் நனைந்து சோற்றோடு ஒட்டிக் கிடக்கும். அதற்கு அடியில் சோயா சாஸில் பிசைந்த மாசிக் கருவாட்டுச் செதில். மேலே ஒரு வறுத்த வெள்ளை மீன், நோரிப் பொடி கலந்த மாவில் பொரித்த சிக்குவா (அரைத்த மீனில் செய்த குழல்), மூலையில் கொஞ்சம் கின்பிரா. குச்சியால் வெட்டி எடுத்தால் நோரி, மாசி, சோறு மூன்றும் ஒரே வாயில் வரும். பட்டியலிலேயே விலை குறைந்த வகையறாவில் இருக்கும் சாப்பாடு இது, அதைவிட விலையுள்ள எதையும் அங்கே வாங்க எனக்குத் தோன்றுவதில்லை. 2024-25-இல் அரிசி விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானதில் பென்டோ விலைகள் எல்லாம் ஏறிவிட்டன, அப்படியும் இது கட்டுப்படியாகிறது.

டெபாச்சிகா என்கிற டிபார்ட்மென்ட் ஸ்டோர் கீழ்த்தளம் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, அதில் சந்தேகமே இல்லை. ஷின்ஜுகு இசெதான், நிஹோன்பாஷி மிட்சுகோஷி, டோக்கியோ ஸ்டேஷன் தைமாரு, எங்கே போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி அடுக்கியிருப்பார்கள். 1972-இல் கோபேயில் தொடங்கிய ராக் ஃபீல்ட் கம்பெனியின் ஆர்.எஃப்.1 கடையில் 30 வகைப் பொருள் போட்ட பச்சைக் காய் சாலட் உண்மையிலேயே நன்றாக இருக்கும். சிக்கல் விலையில்தான். பலகையில் எழுதியிருப்பது 100 கிராமுக்கான விலை, அது 400, 500 யென் என்று பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் 100 கிராம் என்பது நாலு வாய். மூன்று வகை வாங்கினால் சோறு இல்லாமலேயே 1,500 யென் பக்கத்தில் போய் நிற்கும். விருந்தாளி வரும் சாயங்காலத்துக்கு நான் தாராளமாக அங்கே போவேன், கடை மூடும் நேரத்தில் தள்ளுபடி ஸ்டிக்கர் வேறு ஒட்டுவார்கள். அன்றாட மத்தியானத்துக்கு அது கட்டாது. இசெதானில் வாங்கினால் ஒரு வசதி, மொட்டைமாடித் தோட்டத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம்.

டெலி கஃபே என்று சொன்னது, வீட்டுச் சாமான் கடையான முஜியின் கஃபே அண்ட் மீல் மாதிரி இடங்களை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சூடான, ஆறிய பதார்த்தங்களில் மூன்றோ நாலோ காட்டினால், சோறோ ரொட்டியோ சேர்த்துத் தட்டில் வைத்துத் தருவார்கள். காய்கறி நிறைய, உப்பு அடக்கம், மேஜை நாற்காலியில் நிம்மதியாகச் சாப்பிடலாம். நண்பரோடு பேசிக்கொண்டு சாப்பிட நல்ல இடம். தனியாகப் போனால் அளவு எனக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

கொம்பினியைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல வேண்டும். ஜப்பானின் முதல் செவன் இலெவன் 1974-இல் டோக்கியோவின் தொயோசுவில் திறந்தது, இன்றைக்கு எந்தத் தெருமுனையிலும் ஏதாவது ஒரு கொம்பினி இருக்கும். ஒனிகிரியில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது. நோரியையும் சோற்றையும் தனித்தனி பிளாஸ்டிக்கில் பிரித்து வைக்கும் அந்த உறை, கடைசி நிமிஷம் வரை நோரியை மொறுமொறுப்பாக வைத்திருக்கிறது. சோறு விறைத்துப் போகாமல் இருக்க ஒனிகிரியைச் சுமார் 20 டிகிரியிலேயே வைத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள், அதனால்தான் அது ஃபிரிட்ஜ் சோறு மாதிரி இருப்பதில்லை. ஆனால் அதே கடையின் காய்கறிப் பதார்த்தங்கள் எனக்கு எல்லாம் ஒரே இனிப்பாகத்தான் படுகின்றன. இன்னொன்று, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி, எடுத்துப் போனால் 8 சதவீதம். 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கடைக்கும் இதே கணக்குதான்.

மீன், மாடு, பன்றி எதையாவது தவிர்க்கிறவர்களுக்கு மட்டும் நான் சொன்ன வரிசை அப்படியே தலைகீழ். நான் புகழ்ந்த ஹிஜிகி, பூசணி எல்லாம் பெரும்பாலும் மாசிச் செதில் போட்டுக் கொதிக்கவைத்த தாஷியில் வெந்தவை. உருளைக்கிழங்கு கொரோக்கேக்குள் கொத்துக்கறி இருக்கும், உருளை சாலட்டில் ஹாம் இருக்கும். அங்கேயே சமைத்துக் கண்ணெதிரில் எடுத்துக் கொடுக்கும் கடைகள் பொருள் பட்டியல் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கூட்ட நேரத்தில் அதற்கு அவருக்கும் பொறுமை இருக்காது. கொம்பினிப் பொட்டலத்தில் எல்லாம் அச்சடித்திருக்கும், போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். அப்படிப்பட்டவர்கள் தாராளமாகக் கொம்பினிக்கே போங்கள். ஊறுகாய்ப் பழம் வைத்த உமே ஒனிகிரி, கொம்பு கடற்பாசி ஒனிகிரி இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதிலும் சிலவற்றில் மாசிச் சாறு சேர்க்கிறார்கள், ஆகவே பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டே எடுங்கள்.