பார்ன்ஸ் பிளேஸில் ஓர் ஓவியர் வீடு

கொழும்பு வெள்ளவத்தையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். எந்த ஓவியக்கூடத்துக்குப் போனாலும் கண் முதலில் சட்டத்துக்குத்தான் போகும், அப்புறம்தான் படம். கறுவாத்தோட்டம் பார்ன்ஸ் பிளேஸ் 34/2இல் உள்ள சப்புமல் மன்றத்தில் அந்தத் தொழில்புத்தி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சப்புமல் என்றால் சண்பகப்பூ. யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாளும் சிங்களத்தில் சப்புமல் குமாரயாதான். அதனால் ஏதோ அரசர் காலத்து நூதனசாலை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் தடவை விசாரிக்காமல் போய், பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பினேன். பிழை என்னுடையது, அங்கே நாள்தோறும் திறப்பதில்லை. அடுத்த தடவை பெறாமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் குரலைத் தாழ்த்தி, “பெரியம்மா, இஞ்ச ஆரும் குடியிருக்கினமா?” என்றாள்.

கேட்டதில் தப்பில்லை. ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. லண்டனில் படித்து, பாரிஸிலும் சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டு வந்தவர். 1974இல் மன்றத்தை அமைத்தார், 1988இல் காலமானார். அவரும் கூட்டாளிகளும் வரைந்த படங்கள்தான் சுவரெல்லாம்.

அந்தக் கூட்டாளிகள் சாதாரண ஆட்கள் இல்லை. ஆங்கிலேயர் சொல்லிக்கொடுத்த பாணியிலேயே வரைந்துகொண்டிருக்கச் சலித்து, 1943 ஆகஸ்டில் லயனல் வென்ட் வீட்டில் கூடியவர்கள். ‘43 குழு’ என்று பெயர். புகைப்படக்காரரும் பியானோ கலைஞருமான வென்ட் அடுத்த வருடமே இறந்துபோனார். ஆனாலும் குழு கலையவில்லை. 1952இல் லண்டனிலும் அடுத்த வருடம் பாரிஸிலும் கண்காட்சி வைத்தது. ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், கேலிச்சித்திரக்காரர் ஒப்ரி கொலெட், விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்த மஞ்சுஸ்ரீ எல்லோரும் இதில் இருந்தவர்கள்தான்.

குழுவில் ஜோர்ஜ் கீட்டைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் வரைந்த பெண்களுக்குக் கண்ணும் கோடும் பெரிது. எனக்குக் கொஞ்சம் சத்தம் கூடிய படங்கள்.

என்னை நிறுத்தியவர் ஐவன் பீரிஸ். ஹரியிடம் படித்தவர், தெஹிவளைக்காரர். என் கடையிலிருந்து தெஹிவளைக்கு எவ்வளவு தூரம்? பாலத்தைத் தாண்டினால் சரி. 1953இல் இங்கிலாந்துக்குப் போனவர் அங்கேயே வாழ்ந்து முடித்தார், ஆனால் கைக்கு வந்ததெல்லாம் இந்தக் கரைதான்: கடல், மரம், பேசாமல் நிற்கும் மனிதர்கள். ரயில் தண்டவாளத்தைக் கடந்து நான் தினமும் பார்க்கிற கடலை இவ்வளவு அமைதியாக ஒருநாளும் கண்டதில்லை. வெளிநாட்டுக்குப் போன என் தம்பிமாருக்கும் வெள்ளவத்தை இப்படித்தான் தெரிகிறதோ என்னவோ.

ஒரு மணித்தியாலம் போதும் என்று வந்தோம், இரண்டாயிற்று. பளபளக்கும் மண்டபமும் குளிரூட்டியும் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். படத்துக்குக் கிட்டப் போய்த் தூரிகை ஓடிய தடத்தைப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு இந்த வீடு. திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். நேரம் மிஞ்சினால் பொரளை கோதமி விகாரையையும் பாருங்கள். 1939இலும் 1940இலும் கீட் வரைந்த சுவர்கள் அங்கே இருக்கின்றன. அங்கே மட்டும் அவருடைய சத்தம் எனக்குப் பிடித்தது.