பெரிய எழுத்து வேதாகமம்: எங்கள் தெரு ஜெபக்குழு பயன்படுத்திய வகையில்

பெரிய எழுத்தில் தமிழ் வேதாகமம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தனியாகப் படுக்கையில் சாய்ந்து வாசிக்க என்றால் வேண்டாம், கை வலிக்கும். நாலு பேர் கூடி ஜெபிக்கிற இடத்துக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. அத்தையின் பழைய வேதாகமம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததால் தாளெல்லாம் ஒட்டிச் செங்கல்லாகிவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. சாயங்காலமானால் தெருப் பெண்கள் ஏதாவது ஒரு வீட்டில் சேறு வாரிக் கழுவிவிட்டு, ஈரத்தரையில் பிளாஸ்டிக் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபித்தோம். மளிகைக்கடை வைத்திருந்த அக்காவுக்குச் சரக்கு முழுக்க வீண், கடனும் உண்டு. அவர் முறை வந்தபோது, "எனக்கு ஜெபமே வரல, நீங்க யாராவது பண்ணுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கடன் கொடுத்தவர் மனம் இரங்கவும் அரிசி மூட்டை கிடைக்கவும் அப்படியே பேர் சொல்லி ஜெபித்தார். அக்கா ஆமென் மட்டும் சொன்னார். மறுநாளும் வந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிக்கல். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் வயதானவர்களுக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை. வாசிக்கிற முறை வரும்போது புத்தகத்தை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். அதற்காகத்தான் எல்லாரும் காசு போட்டு இதை வாங்கினோம்.

எழுத்து நல்ல கறுப்பு, தடிப்பு. அத்தை கண்ணாடி இல்லாமலே, வேதாகமத்தில் உள்ள துதிப்பாடல்களில் 46-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டார். "ஜலங்கள் கொந்தளித்து" என்ற இடத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கத்தோலிக்க அக்கா ஒருவர் தங்கள் சபையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தோடு வருவார், அவர் முறைக்கு அதில் வாசிப்பார். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

குறைகளும் உண்டு. தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. புத்தகத்தின் நடுவில்தான் சங்கீதம் வரும், நாங்கள் அதிகம் திறப்பதும் அதைத்தான். அங்கே வரிகளின் ஓரம் தையல் மடிப்புக்குள் போய்விடுகிறது. ஜிப் உறை சீக்கிரமே பல்லிளித்துவிட்டது.

எழுத்தைப் பெரிதாக்கினால் தாள் எகிறும் என்பது, தரங்கம்பாடியில் தமிழ் வேதாகமம் அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் காலத்துத் தொல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்ததால், தாளை மிச்சம் பிடிக்கத் தரங்கம்பாடிப் பக்கமே சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அதனால் தாள் விஷயத்தில் அச்சிட்டவர்களை ரொம்பத் திட்ட மனமில்லை. ஜிப்புக்குத் திட்டலாம்.

கடையில் வாங்கும்போது 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து, மடிப்போரம் கடைசிச் சொல் தெரிகிறதா பாருங்கள். ஜிப் இல்லாத கெட்டி அட்டை கிடைத்தால் அதையே எடுங்கள். அப்புறம், மேல்தட்டில் வையுங்கள்.