வாளா, ஈட்டியா, கோடாலியா, சுத்தியலா? ஃபேன்டஸி ரோல்ப்ளே சண்டையில கையில எதைப் புடிக்கலாம்

புதுசா கேரக்டர் ஷீட் (நம்ம பாத்திரத்தோட விவரத் தாள்) நிரப்ப உக்காந்தா முக்கால்வாசிப் பேரு ஆயுதம்ங்கிற கட்டத்துல யோசிக்காம லாங்ஸ்வார்டுன்னு எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், மூணு கேம்பெயின் (தொடர்கதை மாதிரி போற ஆட்டம்) முழுக்க வாளோடவே சுத்தினேன். ஹீரோன்னா வாள்தானேன்னு ஒரு நினைப்பு. அப்புறம் ஒருநாள் என் வாளு ஆத்துல போயிடுச்சு, வேற வழியில்லாம செத்துக்கிடந்த காவலாளியோட ஹால்பர்டை (நீளக் கம்பு நுனியில கோடாலியும் கூரும் உள்ள ஆயுதம்) எடுத்துச் சண்டை போட வேண்டி வந்துச்சு. டேமேஜ் நம்பர் பெருசா ஒண்ணும் மாறல, ஆனா நான் எங்க நிக்கிறேன், யாரை முதல்ல அடிக்கிறேன், எப்ப பின்வாங்குறேன்னு மொத்த ஆட்டமுமே மாறிடுச்சு. அதனால இங்க டைஸ் கணக்கும் போடுறேன், ஆனா மார்க் போடும்போது ‘இது நம்மளை எப்படி விளையாட வைக்குது’ன்னுதான் பார்ப்பேன்.

ரூல்ஸ் பெரும்பாலும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதை விளையாடுற டேபிள் கேம்) 5ஆம் எடிஷன், 2014லயும் 2024லயும் வந்த ரெண்டு ரூல்புக்கும். டைஸே உருட்டாம எழுத்துலயே சண்டை போடுற கூட்டத்துக்கும் நடுநடுவுல சொல்றேன்.

முதல்ல ஈட்டி வெர்சஸ் வாள்

ஈட்டி எட்டின மட்டும் பாயும்னு பழமொழி. டி அண்ட் டில அந்த ஈட்டி எட்டவே எட்டாது! அதுக்கு 5 அடி தூரம்தான். லாங்ஸ்வார்டுக்கும் 5 அடி, குத்துவாளுக்கும் 5 அடி. ஆளுயரக் கம்பு நுனியில இரும்பு வச்சிருக்கிறவனும் ஒரு சாண் கத்தி வச்சிருக்கிறவனும் ஒரே தூரத்துல நின்னு அடிச்சுக்கணுமாம். நிஜத்துல கேடயம் இல்லாத வாள்காரன் ஈட்டிக்காரன் முன்னாடி படாத பாடு படுவான், ஏன்னா ஈட்டியோட பின்கை கொஞ்சூண்டு அசைஞ்சாலே முன்நுனி மூஞ்சியிலிருந்து முட்டிக்குப் போயிடும், எதைத் தடுக்கிறதுன்னே தெரியாது, உள்ள புகுந்தாத்தான் பிழைப்பு.

நம்பரைப் பார்த்தா ஈட்டி ஒத்தக்கையில 6 பக்க டைஸ், ரெண்டு கையில 8 பக்கம். லாங்ஸ்வார்டு 8, 10. சராசரியா அடிக்கு 1 பாயிண்ட் குறையுது, அவ்ளோதான். அந்த ஒரு பாயிண்டுக்குப் பதிலா ஈட்டியை எறியலாம், 20 அடி வரைக்கும் நார்மலா, 60 அடி வரைக்கும் டிஸ்அட்வான்டேஜோட (ரெண்டு டைஸ் உருட்டிச் சின்னதை எடுக்கணும்). பறக்கிற எதிரி வந்தப்ப வாள்காரங்க எல்லாம் அண்ணாந்து பார்த்துட்டு நின்ன சீன் எத்தனை தடவை நடந்திருக்கு! அதுக்கு மேல போலார்ம் மாஸ்டர்னு ஒரு ஃபீட் (கேரக்டர் எடுத்துக்கிற சிறப்புத் திறமை) இருக்கு, முதல்ல ஈட்டிக்கு அது கிடையாது, 2018 திருத்தத்துலதான் சேர்த்தாங்க. அதை எடுத்தா கம்போட அடிப்பக்கத்தால 4 பக்க டைஸ்ல இன்னொரு அடி, எதிரி நம்ம எல்லைக்குள்ள காலெடுத்து வைக்கும்போதே நம்ம முறை வராமலே ரியாக்‌ஷன்ல ஒரு குத்து, இன்னொரு கையில கேடயம் வச்சு ஏசிக்கு (எதிரி நம்மளை அடிக்க எட்ட வேண்டிய தற்காப்பு எண்) கூடுதலா 2. இவ்வளவும் சேர்த்துப் பார்த்தா அந்த ஒரு பாயிண்டு ஞாபகத்துக்கே வராது. தூரம் ரூல்லயே ஒழுங்கா இருக்கணும்னு நினைக்கிறவங்க குர்ப்ஸ்னு இன்னொரு ரோல்ப்ளே கேம் விளையாடிப் பாருங்க, அங்க ரெண்டு கையில புடிச்ச ஈட்டி 2 கஜம் எட்டும், சாதாரண வாள் 1 கஜம், ஆக வாள்காரன் ஒரு எட்டு உள்ள வந்தே ஆகணும், வர்றதுக்குள்ள என்ன ஆகும்ங்கிறதுதான் சண்டையே.

எழுத்து ரோல்ப்ளேல எனக்குப் பெரிய கடுப்பு இதுலதான். ‘அவன் மின்னல் மாதிரி பாய்ந்து ஈட்டிக்காரனின் கழுத்தில் வாளை வைத்தான்’. எப்படிப்பா? நுனியைத் தட்டிவிட்டானா, கம்பை இடது கையால புடிச்சானா, தோள்ல ஒரு கீறல் வாங்கிட்டு உள்ள வந்தானா? அதை எழுதினா ரெண்டு வரி கூடுதலா வரும், எதிர்ல எழுதுறவனுக்கும் பதில் சொல்ல ஏதாவது கிடைக்கும், பின்னாடி தாவலாம், கம்பைக் குட்டையாப் புடிச்சு அடிப்பக்கத்தால இடிக்கலாம். நேரா கழுத்துல வச்சா அவன் என்னத்த எழுதுவான்.

வாளுக்கு ஒரு நியாயம் சொல்லணும்னா அது இடுப்புல கிடக்கும். சண்டை இல்லாத சீன்லயும் கூடவே இருக்கும், விருந்துக்குப் போகலாம், குதிரை ஏறலாம். ஈட்டியைத் தோள்ல சாத்திக்கிட்டு மந்திரி கூட ரகசியம் பேச முடியாது.

பெரிய வாள், பெரிய கோடாலி

இது முடிவே இல்லாத சண்டை, ஆனா கணக்கு ரொம்ப சிம்பிள். கிரேட்ஸ்வார்டு ரெண்டு 6 பக்க டைஸ், சராசரி 7. கிரேட்ஆக்ஸ் ஒரு 12 பக்க டைஸ், சராசரி 6.5. வாள்ல 1 விழவே விழாது, முழு 12 விழ 36ல ஒரு சான்ஸ். கோடாலில 12ல ஒரு தடவை 12 விழும், 12ல ஒரு தடவை 1ம் விழும். 2014 ரூல்ல கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் எடுத்து 1, 2 விழுந்தா மறுபடி உருட்டினா வாளு சராசரி 8.33க்குப் போகும், கோடாலி 7.33லயே நின்னுடும். ஃபைட்டர் கிளாஸ்னா (கிளாஸ்னா கேரக்டரோட தொழில்) கண்ணை மூடிக்கிட்டு வாள்.

கோடாலி முந்துறதுக்கு ஒரு இடம் உண்டு. 2014 ரூல்ல ஹாஃப் ஆர்க் இனத்து பார்பேரியன் கிளாஸ், 9ஆம் லெவல். கிரிட்டிகல் (20 பக்க டைஸ்ல 20) விழுந்தா இனத்துக்கு ஒரு டைஸ், கிளாஸுக்கு ஒரு டைஸ் எக்ஸ்ட்ரா, அப்ப கோடாலிக்கு நாலு 12 பக்க டைஸ், சராசரி 26, வாளுக்கு ஆறு 6 பக்க டைஸ், சராசரி 21. ரெக்லெஸ் அட்டாக்கும் (ரெண்டு டைஸ் உருட்டிப் பெருசை எடுக்கிறது) சேர்ந்துச்சுன்னா கிரிட் சான்ஸ் 5லேர்ந்து 9.75 சதவீதத்துக்கு ஏறும், அப்ப மட்டும் கோடாலி மயிரிழையில முந்தும். மத்தபடி அரை பாயிண்டு சண்டை, இதுக்காகப் ஃப்ரெண்ட்ஷிப்பை முறிச்சிக்காதீங்க. 2024ல வெப்பன் மாஸ்டரின்னு ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனி வித்தை வந்தப்புறம் விவாதமே வேற மாதிரி ஆயிடுச்சு: கிரேட்ஸ்வார்டு அடி தவறினாலும் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (பலத்துக்குக் கிடைக்கிற கூட்டல் எண்) அளவுக்குக் காயம், கிரேட்ஆக்ஸ் அடி பட்டா பக்கத்துல நிக்கிறவன் மேலயும் ஒரு வீச்சு விடலாம். ஒத்தைப் பெரிய வில்லனோட மோதப் போனா வாள், கும்பல் நடுவுல குதிக்கப் போனா கோடாலி. அரை பாயிண்டு பார்த்து எடுக்கிறதை விட இந்தக் காரணம் எனக்கு எவ்வளவோ பிடிச்சிருக்கு.

நடிப்புல கோடாலிக்குத்தான் என் ஓட்டு. அது முனையில பாரம் உள்ள சாமான், வீசினப்புறம் திரும்ப எடுக்க நேரம் ஆகும். குர்ப்ஸ்ல கோடாலியால அடிச்ச டர்ன்ல அதே கோடாலியால தடுக்க முடியாதுன்னே ரூல் இருக்கு. அந்தப் பயத்தோட வீசுறவன் சும்மா வீசமாட்டான். கூடவே தாடி மாதிரி இருக்கிற கீழ் முனையால கேடயத்தைக் கொக்கி போட்டு இழுக்கலாம், கணுக்காலை வாரலாம், டிஎம்கிட்ட (ஆட்டத்தை நடத்துறவர்) ‘இப்படிச் செய்யலாமா’ன்னு கேக்க நிறைய வழி.

சுத்தியல், கதாயுதம், கம்பு

எல்லாரும் குறைச்சு எடை போடுற கோஷ்டி இது. வார்ஹேமர் டைஸ் லாங்ஸ்வார்டு டைஸேதான், 8, 10. மால்னு சொல்ற ராட்சச சம்மட்டி கிரேட்ஸ்வார்டு மாதிரியே ரெண்டு 6 பக்கம். ஒரு பாயிண்டும் நஷ்டமில்ல, ஆனா எலும்புக்கூடு வந்தா இடிக்கிற அடிக்கு ரெட்டிப்பு டேமேஜ். 13 ஹெச்பி (உயிர்ப் பாயிண்ட்) இருக்கிற எலும்புக்கூடு ரெண்டு கை வார்ஹேமர்ல ஒரே போடுல பொடியாகலாம். அதைவிட எங்க டேபிள்ல மறக்க முடியாதது ஒக்கர் ஜெல்லிங்கிற கூழ் மாதிரி ஜந்து வந்த சம்பவம். நாங்க மூணு பேரும் வாள், ஆளுக்கொரு வெட்டு, வெட்டுற அடி அதுக்கு ஏறவும் ஏறாது, வெட்ட வெட்ட அது ரெண்டாப் பிரியும், அஞ்சு நிமிஷத்துல நாலு ஜெல்லி எங்களைச் சுத்தி நிக்குது. மந்திரவாதி தன்னோட ஊன்றுகோலை எடுத்து மொத்த ஆரம்பிச்சாரு, வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்லிக்கிட்டே.

கவசம் விஷயத்துல கேமுக்கும் நிஜத்துக்கும் தூரம் ஜாஸ்தி. தகட்டுக் கவசத்தை வாளால வெட்டிப் பிளக்க முடியாது, அதனாலதான் 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரனுங்க சுத்தியும் கூரும் சேர்ந்த போலாக்ஸ் வச்சிருந்தாங்க, வாள் மட்டும் இருந்தா அலகையே ஒரு கையால பாதியில புடிச்சு அக்குள் இடுக்குல குத்துவாங்க, இல்லன்னா வாளைத் தலைகீழாப் புடிச்சுக் கைப்பிடியால மண்டையில போடுவாங்க. டி அண்ட் டில இது எதுவும் கிடையாது, ஏசின்னு ஒரே நம்பர். ஆனா எழுத்துல சண்டை போடுறவங்களுக்கு இது புதையல். முழுக் கவசத்தோட ஒருத்தன் எதிர்ல வந்தா ‘வெட்டினேன்’னு எழுதாம, தலைக்கவசம் மேல சுத்தி விழுந்து அவனுக்குக் காது அடைச்சுப்போச்சுன்னு எழுதிப் பாருங்க.

2024ல வார்ஹேமர் எதிரியை 10 அடி தள்ளும், மால் கீழ தள்ளும். மலை விளிம்புல சண்டைன்னா வேற எதையும் யோசிக்காதீங்க.

ரேப்பியரும் ரெட்டைக் குத்துவாளும்

டெக்ஸ் (சுறுசுறுப்பு) கேரக்டர்னா ரேப்பியர், குத்துறதுக்கான மெல்லிய நீள வாள், 8 பக்க டைஸ், முடிஞ்சுது. இது நல்லா இருக்கிறதாலயே எல்லா ரோக்கும் (பதுங்கி அடிக்கிற திருட்டுக் கிளாஸ்) ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கான். அது என்னவோ இறகு மாதிரி லேசானதுன்னு எழுதுறாங்க பாருங்க, நிஜ ரேப்பியர் ஒரு கிலோ அல்லது அதுக்கு மேலயே இருக்கும், ரெண்டு கையால வீசுற லாங்ஸ்வார்டே பெரும்பாலும் ஒன்றரைக் கிலோக்குள்ளதான். ஒத்தக்கையை நீட்டிப் புடிச்சு நின்னு பாருங்க, தோள் சொல்லும்.

குத்துவாள் 4 பக்கம்தான், பார்க்கவே பாவமா இருக்கும். ஆனா ரோக்கோட ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டேமேஜ் தர்ற பதுங்கு அடி) டர்னுக்கு ஒரு தடவை, முதல் குத்து தவறினா அது போச்சு. ரெண்டு கையிலயும் குத்துவாள் இருந்தா ரெண்டாவது சான்ஸ் இருக்கு. 2014ல அதுக்கு, டர்னுக்கு ஒண்ணே ஒண்ணு கிடைக்கிற போனஸ் ஆக்‌ஷன் செலவாகும், அப்ப ஓடவோ ஒளியவோ முடியாது, 2024ல மாஸ்டரி இருந்தா அட்டாக்லயே சேர்ந்துடும். நான் ரோக் போட்டா குத்துவாள்தான்.

சாட்டையைப் பத்தியும் கேப்பாங்க. 4 பக்க டைஸ், 10 அடி எட்டும். ஸ்டைல் இருக்கு, அடி இல்ல.

ஹால்பர்டும் கிளேவும்

கிளேவ்னா நீளக் கம்பு நுனியில வாள் அலகு. ரெண்டுக்கும் 10 பக்க டைஸ், 10 அடி தூரம் எட்டும். முன்வரிசையில நிக்கிற கேடயக்காரன் முதுகுக்குப் பின்னாடி நின்னுகிட்டே அடிக்கலாம், நானே நேர்ல அனுபவிச்ச சுகம் அது, ஏசி 14ஐ வச்சுக்கிட்டு மூணு செஷன் அடியே வாங்கல. ஆனா ஹாஃப்லிங், நோம் மாதிரி ஸ்மால் சைஸ் இனம் போட்டிருந்தா 2014 ரூல்ல இந்த மாதிரி ஹெவி ஆயுதத்துக்கு டிஸ்அட்வான்டேஜ், அவங்க ஈட்டிக்கே திரும்பிப் போகலாம்.

ரூல்புக்ல குறுகலான சுரங்கத்துக்குன்னு ஹால்பர்டுக்கு எந்தத் தடையும் இல்ல. எங்க டிஎம் ஒத்துக்கல, ‘ஆறடிக் கம்பை இந்தக் குழாய்க்குள்ள எப்படிச் சுத்துவே’ன்னு கேட்டாரு, கேள்வி நியாயம்தான். குத்த மட்டும் விட்டாரு, வீசக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் ஒரு பூதம் என்னைக் கட்டிப்புடிச்சுத் தூக்கினப்ப, மூஞ்சிக்கு நேரா பல்லு, என் ஆயுதத்தோட முனையோ எட்டத்துல எங்கேயோ நீட்டிக்கிட்டு நிக்குது. அன்னைலேர்ந்து என் ஷீட்டுல ஹால்பர்டுக்குக் கீழ 4 பக்க டைஸ் குத்துவாள் ஒண்ணு எப்பவும் எழுதியிருக்கும்.